அம்மா அடைத்த ஓட்டை

தூக்கினால் உள்ளே தண்ணீர் உருளும். களக் களக் என்று முன்னாலிருந்து பின்னால் போகும், மறுபடியும் முன்னால் வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழமழவென்று, மஞ்சளாக, நேற்றுதான் கடையிலிருந்து வாங்கி வந்ததுபோல் இருக்கும். பத்து வயதில் எனக்கு அந்தச் சத்தம்தான் பெரிய பயம். வகுப்பில் யாராவது தண்ணீர் பாட்டிலைக் குலுக்கினால்கூடத் திரும்பிப் பார்ப்பேன்.

அம்மா இறந்த முப்பதாம் நாள் பூசை போன வாரம் மாதா கோயிலில் முடிந்தது. அன்றிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் காதில் கேட்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றுவிட்டவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும்.

அது ஒரு கயாக். ஒரு ஆள் மட்டும் மேலே உட்கார்ந்து துடுப்புப் போட்டுப் போகிற, நாலாபக்கமும் மூடி உள்ளே வெறும் கூடாக இருக்கும் பிளாஸ்டிக் படகு. சுற்றுலாக்காரர்களை ஆற்றில் கூட்டிப்போகிற ஒரு இடத்தில், உள்ளே தண்ணீர் ஏறுகிறது என்று வேலி ஓரமாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அங்கே வேலைக்குப் போன அப்பா கேட்டிருக்கிறார். எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டார்கள். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் குறுக்கே வைத்துக் கட்டி, தெருவே பார்க்கக் கொண்டுவந்து இறக்கினார். எதிர்வீட்டு மாமா வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, வாழப்பழத்துல குந்திக்கினு மீன் புடிக்கப் போறியா?"

"மீன் கொண்டாந்து உன் வூட்டு வாசல்ல போடறேன் பாரு. அப்ப தெரியும் வாழப்பழமா பலாப்பழமான்னு" என்றார் அப்பா.

அப்போது நாங்கள் தேங்காய்த்திட்டில், துறைமுகத்துக்குப் பின்னால் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஃபைபர் படகு ரிப்பேர் வேலை. போட்டு என்றுதான் நாங்கள் சொல்வோம். வெடிப்பு விட்ட இடத்தைத் தேய்த்து, கண்ணாடி நார்த் துணியை வைத்து, மேலே ரெசின் என்கிற பிசினைப் பூசி அடைப்பார். மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரை ஏறும். அப்பாவுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. தடை முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போன பிறகு ஊருக்கே வேலை இருக்கும், எங்கள் அப்பாவுக்கு மட்டும் இருக்காது. அந்த மாதங்களுக்குத்தான் கயாக்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எத்தனையோ போட்டுக்கு ஓட்டை அடைத்த அப்பாவுக்கு நீச்சல் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நாங்கள் கடல் ஜனம் இல்லை. தாத்தா மில்லில் வேலை செய்தவர். அப்பா போட்டைக் கரையில் வைத்துப் பார்த்தவர்தான். கடலுக்குள் பார்த்தவர் இல்லை.

கயாக்கின் பின்பக்கம் இரண்டு ஓட்டை போட்டு, திருகாணி வைத்து, பிவிசி குழாய் ஒன்றை நிறுத்தினார். தூண்டிலைச் செருகி வைக்க. ஆற்றில், முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கமே இருந்துகொண்டு கெளுத்தி பிடித்தார். ஒருநாள் ஒரு கொடுவா. ஒவ்வொரு தடவை கரை ஏறும்போதும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் உருண்டது. வால் பக்கத்து மூடியைத் திறந்து கவிழ்த்துக் கொட்டுவார். "இது வேர்வை மாதிரி. எல்லாத்துக்கும் இருக்கும்" என்பார். அம்மா அதன் கிட்டேயே போகமாட்டாள். "தொட்டி" என்றுதான் சொல்வாள். "உங்கப்பா தொட்டிய எடுத்துக்கினு போயிட்டாரா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பாவோடு நானும் போனேன். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா உள்ளே போய், தூண்டிலைக் குழாயில் செருகிவிட்டுக் கை காட்டினார். நானும் காட்டினேன். கொஞ்சநேரம் மண்ணில் நண்டு வளையைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அப்பா குள்ளமாகத் தெரிந்தார். கயாக்கின் மஞ்சள் விளிம்பைக் காணோம். தண்ணீர்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக் கை தட்டினேன்.

கை தட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தண்ணீர் வடிகிற நேரம். ஆறு அவரைக் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அப்பா கத்தவில்லை. துடுப்பை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே போனார். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு ஏறியபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிக்கொண்டது. நல்லவேளை, கடலிலிருந்து ஒரு ஃபைபர் போட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர்கள் அப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கயாக்கைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்தார்கள்.

"மேஸ்திரி, எங்க ஓட்டையெல்லாம் அடைக்கற. உன் ஓட்டைய எவன் அடைப்பான்?" என்று ஒருத்தர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் போட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவர் கை வரவில்லை. அந்த ஆள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னார்: "அம்மாகிட்ட சொல்லாத பாப்பா."

சரி என்றேன். அப்படி ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மறுநாள் அப்பா கயாக்கை இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் தூக்கிவைத்து, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பிறகு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தார். உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழைபோல் ஒரு கோடு ஈரமாக வந்தது. "மாட்னியா?" என்றார் அதைப் பார்த்து. தண்ணீரைக் கொட்டி, காயவைத்து, தேய்த்து, தனக்குத் தெரிந்தபடி நார்த் துணியும் ரெசினும் வைத்தார். எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அந்த வாசம் அடித்தது. இறுகிய பிறகு மறுபடியும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. "இனிமே இது கப்பல்" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னார்.

அவர் போன பிறகு நான் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். ஓரத்தில் நகம் உள்ளே நுழைந்தது. கொஞ்சம் அழுத்தினேன். காய்ந்த புண்ணின் பொருக்குபோல, ஓரம் சத்தமில்லாமல் எழும்பியது.

நான் பிய்த்துவிட்டேனா, அது முன்பே ஒட்டவில்லையா என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னால் நான்தான் கெடுத்தேன் என்பார். அம்மாவிடம் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்துவிட்டேன். சொல்லாமல் விட்டால் அப்பா இதில் உட்கார்ந்து போவார், நடு ஆற்றில் இது கழன்றுகொள்ளும். கண்ணை மூடினால் அவர் குள்ளமாகிக்கொண்டே போவது தெரிந்தது. கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. முழுசாகப் பிய்த்துவிட்டால் அப்பா ஓட்டையைப் பார்ப்பார். பார்த்தால் போகமாட்டார்.

பிய்த்தேன். ஒரே துண்டாக, அப்பளம்போல் வந்தது. அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டேன்.

அப்பா வந்து பார்த்துவிட்டு, தன் வேலையின்மேல் சந்தேகப்படவில்லை. நேராகத் தெருவுக்குப் போனார். "யாரோ வேணும்னே பிச்சிருக்காங்க. எனுக்குத் தெரியும் யாருன்னு."

எதிர்வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "யோவ், எனுக்கு வேற பொழப்பு இல்ல பாரு. உன் வாழப்பழத்துக்குத் தோல் உரிச்சிக்கினு குந்தியிருக்கேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு பொய்யான குற்றம் இன்னொருவர் தலையில் விழுவதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. அப்பா மறுபடியும் ரெசின் வைத்தார், இந்தத் தடவை இரண்டு மடங்கு. வரும் ஞாயிறு போகப்போகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதையும் உரித்தேன். இந்தமுறை துண்டு பெரியது. பாவாடைக்குள் ஒளிக்க முடியவில்லை. திரும்பினால் அம்மா நிற்கிறாள்.

"கையில இன்னாடி?"

நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லிவிட்டால் அம்மா அப்பாவை நிறுத்திவிடுவாள். எனக்கு அது மட்டும்தான் வேண்டும். அம்மா சண்டை போடுவாள், கயாக்கைத் தூக்கித் தெருவில் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தண்ணி எதுவரைக்கும் வந்துச்சி?"

நான் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அம்மா என் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டை வாங்கி வளைத்துப் பார்த்து, "போய் மொகத்த கழுவு" என்றாள். இரவு அப்பாவுக்குச் சோறு போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவுக்கு ஒருநாள் வேலை கிடைத்து விடியற்காலையிலேயே போய்விட்டார். அம்மா பாத்திரம் துலக்கி முடித்துவிட்டு, கத்தியால் கயாக்கின் விளிம்பில் ஒரு சீவல் சீவி எடுத்து அடுப்பில் காட்டினாள். அது உருகிச் சொட்டியது. மோந்து பார்த்தாள். "மெழுகுவத்தி வாசம் வருது பாரு." பிறகு உடைந்த குடத்தில் ஒரு சீவல். அதன் வாசம் வேறாக இருந்தது. எறிந்துவிட்டாள். பிறகு பழைய வெள்ளை எண்ணெய் கேனில் ஒரு சீவல். அதில் அதே மெழுகுவர்த்தி வாசம்.

"இதான் சேரும்" என்றாள். "ரெசின் இதுல புடிக்காது. பிளாஸ்டிக்க பிளாஸ்டிக்கே வெச்சித்தான் ஒட்டணும். கொழாயடியில எந்தப் பொம்பளய கேட்டாலும் சொல்லுவா. கேட்டாத்தானே."

எங்கள் தெருவில் ஒழுகுகிற குடத்தையெல்லாம் அவரவர் வீட்டில் கத்தியைக் காய்ச்சி ஒட்டிக்கொள்வார்கள். அதுபோலத்தான் செய்தாள். கத்தி சிவக்கும்வரை அடுப்பில் வைத்து, வெடிப்பின்மேல் இழுத்து, கேன் துண்டை அதில் உருக்கி உள்ளே அழுத்தினாள். புகை கண்ணைக் கரித்தது. அவள் அடைக்க அடைக்க எனக்குக் கோபம் ஏறியது.

"ஏம்மா அடைக்கற? ஓட்டையாவே இருக்கட்டும். அப்பா போவ மாட்டாரு."

"ஓட்டையோடவே போவாரு."

"நீ போவாதன்னு சொல்லு."

"சொன்னா ரெண்டு நாள் வூட்டுல குந்தியிருப்பாரு. மூணாவது நாள் நான் குளிக்கப் போற நேரமா பாத்து எடுத்துக்கினு போயிடுவாரு. கத்திய எடு, ஆறிப்போச்சி."

"அப்பா செத்துப் போனா நீதான் காரணம்" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைத் திருப்பி அடுப்பில் வைத்தாள்.

பிறகு மூடியை இறுக்கி, கயாக்கை வெயிலில் கவிழ்த்துப் போட்டு, அடி முழுவதும் சோப்பு நுரையைப் பூசினாள். வெயிலில் வைத்த எண்ணெய் கேன் உப்புவதைப் பார்த்தவள் அவள். உள்ளே காற்று சூடாகி வெளியேற வழி தேடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒட்டிய இடத்தில் நுரை அசையவில்லை. நிமிர்த்திப் போட்டு மேல்பக்கம் பூசினோம். குழாயை நிறுத்திய திருகாணிகளைச் சுற்றி நுரை முட்டை முட்டையாகக் கிளம்பியது.

"இந்த ஓட்டை யாரு போட்டது?"

"அப்பா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அதையும் உருக்கி அடைத்தாள்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அம்மா துணி காயப்போடுகிற நைலான் கயிற்றை அவிழ்த்தாள். "ஒரு பக்கம் புடி" என்றாள். நானும் அவளும் கயாக்கை ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மத்தியானம், கரையில் ஒரு ஆளில்லை.

"தரையில எதுவும் ஒழுவாது. இடுப்புல வெச்சாதான் கொடம் ஒழுவுறது தெரியும். ஆள் குந்திப் பாக்கணும்" என்றாள்.

"நான் குந்தறேன்."

"உன் எடைக்கு அது ஒழுவாதுடி. நானும் உங்கப்பாவும்தான் ஒரே எடை."

கயிற்றின் ஒரு நுனியைக் கயாக்கில் கட்டினாள். மறு நுனியை ஒரு தென்னையில் சுற்றி என் கையில் கொடுத்தாள். கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி அதையும் என்னிடம் கொடுத்தாள். "தண்ணியில வுழுந்துடும். நீ மணிய உருட்டு. முத பாதி நான் சொல்றேன், மறுபாதி நீ சத்தமா சொல்லு. அம்பத்திமூணு மணியும் முடியறவரைக்கும் நான் குந்தியிருக்கணும். அதுக்குள்ள எறங்கலன்னா எறங்காது." எங்களிடம் கடிகாரம் இல்லை. அம்மா முட்டை வேகவைப்பதற்குக்கூட நேரம் பார்ப்பதில்லை. ஜெபமாலையில் பத்து மணியை உருட்டி, அத்தனை ஜெபம் சொல்லி இறக்குவாள்.

தோளில் போட்டிருந்த துண்டைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயாக்கில் உட்கார்ந்தாள். கயாக் இரண்டு பக்கமும் தள்ளாடியது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் கயிற்றை விட விட அது மெல்ல உள்ளே போனது. கயிறு முழுவதும் போய் விறைத்து நின்றது.

அம்மா மாதா ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னாள். நான் மறுபாதியைச் சொன்னேன். தண்ணீருக்கு மேலே அவள் குரல் மெலிசாக வந்தது. நான் மஞ்சள் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரற்கடை குறைந்ததுபோல் இருந்தது. இல்லை, குறையவில்லை. மறுபடியும் குறைந்ததுபோல் இருந்தது. இவளும் போய்விட்டால் வீட்டில் யார் இருப்பார்கள் என்று நினைத்தேன். இதுவரை அப்பாவை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பத்தில் தூரத்தில் ஒரு போட்டு போனது. அதன் அலை வந்து கயாக்கைத் தூக்கிப் போட்டது. ஜெபம் பாதி வார்த்தையில் நின்றது. கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. "அம்மா" என்றேன். பிறகு, விட்ட அதே வார்த்தையிலிருந்து அவள் குரல் வந்தது, முன்னைவிட வேகமாக.

எனக்குத் தாங்கவில்லை. மூன்றாவது பத்தில் ஏழாவது மணியோடு நிறுத்தி, பத்து முடிந்ததுபோல் "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"ஏழுதாண்டி ஆச்சி" என்றாள் அங்கிருந்து. "நான் வெரல்ல எண்ணிக்கினுதான் இருக்கறேன். ஒழுங்கா சொல்லு."

அந்த மூன்றையும் சொன்னோம். அடுத்த இருபதையும் சொன்னோம். ஐம்பத்திமூன்றும் முடிந்தபோது மஞ்சள் விளிம்பு அப்படியே இருந்தது. நான் கயிற்றை இழுத்தேன்.

மறுநாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வெள்ளையாக ஒட்டுப்போட்ட இடத்தைப் பார்த்து, "போட்டப் போயி கொடம் ஒட்டறமாதிரி ஒட்டி வெச்சிருக்கா" என்று முகம் சுளித்தார். ஆனால் அதிலேயே போனார், திரும்பி வந்தார், கெளுத்தி கொண்டுவந்தார். எதிர்வீட்டு வாசலிலும் இரண்டு போட்டார். அம்மா உட்கார்ந்து பார்த்தது அவருக்கு இன்றுவரை தெரியாது. "நீ உரிச்சதையும் சொல்லாத, நான் குந்துனதையும் சொல்லாத" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. கயாக் கரையில் முட்டியதும் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்து இறங்கி, இரண்டு அடி வைத்து, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. கை, கால், தோள் எல்லாம் நடுங்கின.

பாவம், தண்ணீரில் ரொம்ப நேரம் இருந்துவிட்டாள், குளிர்கிறது என்று நினைத்தேன். ஓடிப்போய் அவள் கழற்றி வைத்திருந்த துண்டை எடுத்துவந்து போர்த்தினேன். அவள் இரண்டு கையையும் என் கைக்குள் வைத்துப் பரபரவென்று தேய்த்தேன். அம்மா தேய்க்கவிட்டாள். அந்த வெயிலில் மண் சுட்டு, என்னால் ஒரு இடத்தில் கால் ஊன்றி நிற்க முடியவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டே, "இன்னும் குளுருதாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.